அண்ணி கால் அளவு

நவம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

காலையில் போனில் பேசியவன் சாயங்காலம் கடிதம் எழுதுகிறானே என்று பயப்பட வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. விஷயம் ரகசியம். நீங்கள் போனில் ரகசியம் பேசினால் போன் இல்லாமலே எனக்குக் கேட்கும். அதனால்தான் தபால்.

வருஷக் கடைசியில் எங்கள் ஷூ தொழிற்சாலைக்குப் பத்து நாள் லீவு. போன வருஷம் மீந்த தோலில் ஆளுக்கு ஒரு ஜோடி தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்த வருஷம் மூன்று ஜோடி. ஆனால் வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் தைக்கலாம். ஆண்களுக்கு என்றால் வெளியே விற்றுவிடுகிறோமாம். அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். நானே கையில் கொண்டுவருவேன்.

பக்கத்து மேஜைக்காரர் ஒவ்வொரு லீவுக்கும் மனைவிக்குக் கைப்பை வாங்கிப் போவார். போன தடவை அந்த அம்மா பீரோவைத் திறந்து காட்டினாராம். எட்டுப் பை, எட்டும் காலி. "இதுக்குள்ள வைக்க ஏதாவது வாங்கிட்டு வாங்க" என்றாராம். எனக்கு அந்தக் கதி வேண்டாம். போட்டு நடக்கிற பொருளாக இருக்கட்டும்.

மூன்று பேருடைய கால் அளவும் வேண்டும். வெறுங்காலோடு காகிதத்தின் மேல் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் அளவு சுருங்கிவிடும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். கால் அகலமாக இருக்கிற இடத்தில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அந்த நூலையும் உள்ளே வையுங்கள். இரண்டு காலுக்கும். போன வருஷம் அம்மாவுக்குச் செய்த மாதிரியே. அந்த ஷூவை "பூ மாதிரி இருக்குடா" என்று அம்மா இன்னும் போனில் சொல்கிறாள்.

அம்மாவுக்குத் தெரியவே கூடாது.

உங்கள் மருமகன்


நவம்பர் 9

தம்பி, மேல இருக்கறவன் புண்ணியத்துல இங்க எல்லாரும் சாப்பிடறோம், தூங்கறோம், சண்டை போடறோம். அதனால நல்லா இருக்கோம்னு வச்சுக்கோ.

உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சுட்டு அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லல. பாலர் பள்ளில என்கூட ஆயா வேலை பாக்கறாளே அவகிட்ட மட்டும் சொன்னேன். அவ யார்கிட்டயும் சொல்லமாட்டா, அவளுக்குக் காது மந்தம்.

இதோட என் கால் அளவும் பெரியவ கால் அளவும் வச்சிருக்கேன். பின்னாடி வாத்து படம் இருந்தா பயப்படாத, பிள்ளைங்க படம் வரையற காகிதம் அது. உங்கக்காவ நிக்க வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. "பெரியவங்க கால் எவ்வளவு பெருசுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டணும்டி"ன்னு ஒரு பொய் சொன்னேன். ஆண்டவன் கணக்குல அது சின்னப் பொய்தான். அப்படியே மெதுவா, "தம்பி லீவுக்கு வந்தா உனக்கு என்னடி கொண்டுவரணும்?"னு கேட்டேன். நாளெல்லாம் இஸ்திரிக் கடையில நின்னுட்டு வர்றவ இல்லியா, என்ன சொன்னா தெரியுமா? "ஒரு நாள் முழுக்க யாரும் என்னை அம்மான்னு கூப்பிடக் கூடாது அத்தை. அதை ஒரு டப்பாவுல போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்க"ன்னா. நீ ஷூவே தைச்சுடு. அது சுலபம்.

உங்கம்மா விஷயம்தான் நடக்கல. எப்பப் பாத்தாலும் கால்ல சாக்ஸு. வீட்டுக்குள்ளயும் சாக்ஸு. உக்காந்தா காலு மேல ஒரு போர்வை. கேட்டா குளிருதாம். எனக்கு வேர்த்து ஊத்துது, அவளுக்குக் குளிருதாம். "அண்ணி, அதைக் கழட்டு, கால் அமுக்கி விடறேன்"னு நைசா கேட்டேன். "இத்தனை வருஷம் கழுத்தை அமுக்கினது போதாதா பாப்பா, இப்ப காலு வேறயா?"ன்னு சிரிக்கறா. எனக்கு அம்பத்தாறு ஆவுது, இன்னும் பாப்பாவாம்.

நான் ஒண்ணு சொல்றேன். போன வருஷ அளவுதான் உன்கிட்ட இருக்கே. அதையே வச்சு வெட்டிடேன். வயசான காலு இனிமே வளரவா போவுது? நான் சொல்றது சரிதானே. நேரா நின்னு, பென்சிலை நேரா பிடிச்சு வரைஞ்சதுதான் அது. அதுல ஒண்ணும் குறையில்ல.

உன்னை தினமும் ஜெபத்துல நெனைக்கற
அத்தை


நவம்பர் 15

அத்தை,

காகிதங்கள் கிடைத்தன. நூலும் கிடைத்தது. வாத்தும் கிடைத்தது.

போன வருஷக் காகிதத்தை என் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். மேலே உங்கள் கையெழுத்தில் "அண்ணி கால்" என்று எழுதியிருக்கிறது. நீங்கள் சொன்னபடி அதையே வைத்து வெட்டலாம் என்று எடுத்தேன். மேஜையில் மற்ற இரண்டும் கிடந்தன. ஒரு காகிதத்தின் மேல் இன்னொன்றை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது.

கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது அத்தை. குதிகால், வளைவு, கட்டைவிரல், வெளியே திரும்பி நிற்கிற வலது சுண்டுவிரல் எல்லாமே. நூலையும் அளந்தேன். ஒரு நூல் கனம் கூட வித்தியாசம் இல்லை.

போன வருஷம் "அண்ணி கால்" என்று வந்தது உங்கள் கால்.

அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் சுண்டுவிரல் நேராக இருக்கும். வயதாகி வளைந்துவிட்டது என்று நினைத்து, அதற்கு இடம் விட்டு, உள்பக்கம் ஒரு தையல் கூடுதலாகப் போட்டேன். உங்கள் கால் ஒடிசல். அம்மாவுடையது அகலம். அந்த ஷூ அம்மாவின் காலில் எப்படி ஏறியது? பூ மாதிரி இருக்கிறது என்று எப்படிச் சொன்னாள்?

கோபமாக எழுதவில்லை. கை கால் ஓடவில்லை, அவ்வளவுதான். நடந்ததை எழுதுங்கள். அம்மாவின் அளவை எப்படியாவது எடுத்து அனுப்புங்கள்.


நவம்பர் 21

தம்பிக்கு,

லெட்டர் கெடைச்சுது. அம்மாவுக்கு ஷூ வேண்டாம். நல்லதா ஒரு போர்வை வாங்கு. இல்லன்னா சுவர்க் கடிகாரம் வாங்கு, அம்மாவோட நோட்டுக் கடையில இருந்தது நின்னுபோச்சு. பெரியவளுக்கு மட்டும் தைச்சா போதும். எனக்கும் வேண்டாம்.

நீ கேட்டதுக்கு நேர்ல வந்தப்புறம் பதில் சொல்றேன். உடம்பைப் பாத்துக்கோ.

அத்தை


நவம்பர் 26

அத்தை,

நீங்கள் மளிகைக் கடைச் சீட்டு எழுதினாலே இதைவிட நீளமாக இருக்கும்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "எல்லாம் நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு தடவை சொன்னாள். அம்மாவிடம் கொடு என்றேன், கடையில் இருக்கிறாள் என்றாள். பின்னால் அம்மா இருமுகிற சத்தம் கேட்டது.

இந்த வீட்டில் என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாத ஒரே ஆள் நீங்கள்தான். தோல் வெட்டக் கடைசி நாள் டிசம்பர் 18. அது போனால் போகட்டும். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.


டிசம்பர் 2

கண்ணு, உக்காந்துகிட்டுப் படி. நின்னுகிட்டுப் படிக்காத. மெஷின் பக்கத்துல வச்சுப் படிக்காத.

சொல்ல மாட்டேன்னு உங்கம்மாவுக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். பத்து நாளா சாமி படத்துக்கு முன்னாடி போயி நிக்கறேன், வாய் தெறக்கமாட்டேங்குது. நான் வாய் தெறக்காம நின்னா சாமிக்கே சந்தேகம் வந்திருக்கும்.

மொதல்ல என் பாவத்தை சொல்லிடறேன். போன வருஷம் நீ அளவு கேட்டு எழுதுனப்ப, காகிதத்தோட நான் போனேன். உங்கம்மா கடையில இருந்தா. ஸ்கூல் விட்ட நேரம், நோட்டுக்கும் பென்சிலுக்கும் அவ்வளவு கூட்டம். அரைமணி நேரம் நின்னேன். தபாலுக்கு நேரமாச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரே காலுன்னு உங்கப்பா எப்பவும் சொல்லுவாரு. கல்யாணத்தன்னைக்கு அவ செருப்பு வார் அறுந்துபோயி என் செருப்பத்தான் போட்டுக்கிட்டா. அந்த நெனப்புல, கடைக்குப் பின்னாடி அட்டைப்பெட்டி மேல காகிதத்தை வச்சு, என் காலை வரைஞ்சு அனுப்பிட்டேன். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சரியா இருந்த செருப்பு கண்ணு. அவ ரெண்டு பிள்ளை பெத்து, கடையில நின்னு நின்னு காலு அகலமாயிருக்கும்னு எனக்குத் தோணல. யோசிக்காத புத்தி.

அது என் காலுன்னு நீ எழுதுன லெட்டர் வந்ததும் இந்தத் தடவையாவது ஒழுங்கா எடுத்துடணும்னு போனேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தா. அசந்த தூக்கம். போர்வையை மெல்லத் தூக்கி சாக்ஸைக் கழட்டினேன். வலது கால்.

ரெண்டு விரல் இல்ல கண்ணு.

சுண்டுவிரலும் அதுக்குப் பக்கத்து விரலும் இல்ல. அந்த எடம் தைச்சு மூடின பை மாதிரி இருக்கு. நான் கத்தினேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. கத்தியிருக்கேன், பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல்ல எட்டிப் பாத்துது. உங்கம்மா எந்திரிச்சுட்டா. காலை இழுக்கல. என்னைத்தான் பாத்தா. "கதவைச் சாத்து பாப்பா"ன்னா.

மார்ச் மாசம் நடந்திருக்கு. பெரியவ மாமியார் வீட்டுக்குப் போறேன்னு சொல்லி உங்கம்மா ஒன்பது நாள் இல்லாம இருந்தாளே, அது மாமியார் வீடு இல்ல, ஆஸ்பத்திரி. சக்கரைதான் காரணம். அவளுக்குக் காலு மரத்துப்போயி ரொம்ப நாளாச்சாம், சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. மொதல்ல ஒரு கொப்புளம். அப்புறம் அது கறுத்துப்போச்சு.

"கொப்புளம் எப்படி அண்ணி வந்துச்சு?"ன்னு கேட்டேன். அதுக்குள்ள இஸ்திரிக் கடையில இருந்து பெரியவ வந்துட்டா. நான் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாத்தா. என் கையில காகிதமும் பென்சிலும் பாத்தா. அவ முகம் போன போக்கு இருக்கே.

"மறுபடியும் அளவா?"ன்னா. "ஒரு ஷூ பண்ணது போதாதா அத்தை?"

உங்கம்மா "வாய மூடுடி"ன்னு அதட்டினா. ஆனா வந்த வார்த்தை வந்துடுச்சு.

அந்த ஷூதான் கண்ணு. "பிள்ளை கையால தைச்சது"ன்னு தெனம் கடைக்குப் போட்டுட்டுப் போயிருக்கா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். வலிச்சிருந்தா கழட்டியிருப்பா. வலிக்கவே இல்லியே.

"என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல? என் வாய் ஓட்ட வாய்ன்னுதானே?"ன்னு அழுதேன். "உன் வாய்க்காக இல்ல பாப்பா"ன்னா. "ஷூவைப் பிரிச்சுக் கையில எடுத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். சுண்டுவிரல் பக்கம் ஒரு புடைப்பு இருந்துச்சு. இந்த வீட்டுல கோண விரல் யாருக்கு இருக்கு? உன் காலைத்தான் வச்சு அனுப்பியிருக்கியேன்னு சிரிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் எனக்குன்னு ஆசையா பண்ணீங்க. இதைச் சொல்லி ரெண்டு பேரையும் கொல்லச் சொல்றியா?"ன்னா.

அவ திட்டியிருந்தா நான் சோறு தின்னுருப்பேன்.

டாக்டரம்மா சொல்லியிருக்காங்களாம், இன்னொரு புண்ணு வந்தா பாதத்தோட எடுக்கணும்னு. அதுல இருந்து செருப்பு, ஷூ எதையும் கிட்ட சேக்கமாட்டேங்கறா. வெறும் சாக்ஸுதான். போட்டா கடிக்குமோன்னு பயம். உனக்குத் தெரிஞ்சா நீ அந்த வேலையையே விட்டுடுவேன்னு அதைவிடப் பயம்.

நான் சொல்லிட்டேன். சத்தியத்தை மீறினதுக்கு மேல இருக்கறவன் என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்.

அத்தை


டிசம்பர் 7

அத்தை,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு வேலைக்கு எழுந்து போகவில்லை. சூப்பர்வைசர் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அம்மாவுக்கு இரண்டு விரல் இல்லை சார் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் மாதத்தில் அம்மாவோடு எத்தனை தடவை பேசினேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டிருக்கிறாள்.

நீங்கள் எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அளவு தப்பாக வந்தது உங்களால். அந்த உள்தையல் என்னுடையது. தையலின் மேல் மெத்தைத் துணி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டினால் வெளியே புடைப்பாகத் தெரியும், அழகு போய்விடும் என்று விட்டேன். சக்கரை இருக்கிற கால் என்று எனக்குத் தெரியும். இது என் தொழில். ரெண்டு விரல்ல ஒண்ணு உங்களுது, ஒண்ணு என்னுது அத்தை. பங்கு போட்டுக்கலாம்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். வெறும் சாக்ஸோடு நடப்பது ஷூவை விட ஆபத்து. உணர்ச்சி இல்லாத காலைத் தரையில் விடவே கூடாது. இங்கே இப்படிப்பட்ட கால்களுக்கென்றே தனியாக ஒரு மேஜை இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை, அழகில்லாத வேலை என்று. நேற்றுப் போனேன். உள்ளே தையலே இருக்காது, அகலமாக இருக்கும், விரல் இல்லாத இடத்தில் பஞ்சு வைத்து நிரப்புவார்கள். அங்கே இருக்கிற பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நானே தைக்கப்போகிறேன். முடித்ததும் உங்கள் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் அம்மா போட வேண்டும்.

அளவு வேண்டும். இந்தத் தடவை தூங்கும்போது வேண்டாம், பொய் சொல்லி வேண்டாம். எனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள். என்னால் அதைப் போனில் சொல்ல முடியாது. இரண்டு தடவை எண்ணைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உங்களுக்கும் ஒரு ஜோடி உண்டு. உங்கள் கால் அளவுதான் என்னிடம் இரண்டு இருக்கிறதே.


டிசம்பர் 12

தம்பி, பாலர் பள்ளிக்குப் போற அவசரத்துல எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

ஞாயித்துக்கெழமை காலையில போனேன். டீ குடிச்சுட்டு இருந்தா. வழக்கமா நான் உள்ள நுழையும்போதே பேசிட்டு நுழைவேன். அன்னைக்கு சும்மா போயி உக்காந்தேன். "யாரு செத்துட்டாங்க?"ன்னு கேட்டா. "அவன்கிட்ட சொல்லிட்டேன் அண்ணி"ன்னேன்.

டம்ளரைக் கீழ வச்சா. அவ்வளவுதான். திட்டுவான்னு பாத்தேன், திட்டல. பெரியவ சமையக்கட்டுல இருந்து எட்டி எட்டிப் பாக்கறா. கடைசில, "ஒன்பது மாசம் நான் காப்பாத்தினதை நாலு பக்கத்துல கொட்டிட்டியே பாப்பா"ன்னா. நான் மெல்ல உன் லெட்டரை எடுத்துப் படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன். நீ போன் போட்டு வச்சுட்டேன்னு எழுதினதையும் படிச்சேன்.

ஒண்ணு உங்களுது ஒண்ணு என்னுதுன்னு எழுதியிருந்தே பாரு, அங்கதான் அவளுக்குக் கோவம் வந்துது. "என் விரலை இவங்க யாருடி பங்கு போட?"ன்னு கத்தினா. "கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது, இது என் அளவு இல்லன்னு. தெரிஞ்சும் போட்டேன். டாக்டர் தெனம் காலைப் பாருன்னு சொன்னாங்க, பாக்கல. எனக்குப் பங்கு இல்லியா இதுல?"ன்னா. அப்புறம் ரெண்டு காலையும் முன்னாடி நீட்டி, "கழட்டு. எடு உன் காகிதத்தை"ன்னா.

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பெரியவ ஒரு பக்கம் தாங்கிப் பிடிச்சா. நான் மண்டிபோட்டு வலது காலை வரைஞ்சேன். குதிகால்ல ஆரம்பிச்சு சுத்தி வந்தேன். அந்த எடத்துக்கு வந்ததும் பென்சில் நின்னுபோச்சு. எங்க கொண்டுபோயி வளைக்கறதுன்னு தெரியல. "என்ன பாக்கறே? இருக்கறதை வரை"ன்னா.

அப்புறம் இடது கால். அது முழுசா இருக்கற காலு, அதுல ஒண்ணும் இல்லன்னு நாங்க எல்லாரும் நெனைச்சுட்டு இருந்தோம். வரைஞ்சு முடிச்சுட்டு "தூக்கு அண்ணி"ன்னேன். தூக்கினா. குதிகால் இருந்த எடத்துல காகிதம் ஈரமா இருந்துச்சு. செவப்பு.

பெரியவ குனிஞ்சு காலைத் திருப்பிப் பாத்தா. குதிகால் நடுவுல ஒரு ஒடைஞ்ச ஊசி. பெரியவ தன் பிள்ளைங்களோட கிழிஞ்ச துணியைத் தைக்கற ஊசி, போன வாரம் ஒடைஞ்சு ஒரு துண்டு காணாமப்போச்சாம். வெறும் சாக்ஸோட உங்கம்மா அது மேல நடந்திருக்கா. அப்படியே உள்ள ஏறிடுச்சு, கறுப்பு சாக்ஸுல கறையும் தெரியல. சுத்தி வீங்கி சூடா இருக்கு. உங்கம்மா எங்க மூஞ்சியைப் பாத்துட்டு, "என்னடி? என்ன ஆச்சு?"ன்னு கேக்கறா. அவளுக்குத் தெரியவே இல்ல கண்ணு! ஊசி கால்ல நிக்குது, "என்னடி"ன்னு கேக்கறா.

ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு ஓடினோம். டாக்டரம்மா ஊசியை எடுத்து, கீறி, கழுவிக் கட்டு போட்டாங்க. எங்க மூணு பேரையும் வரிசையா நிக்க வச்சுத் திட்டினாங்க. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இந்தக் காலுக்கும் அதே கதிதான். யாரு பாத்தது?"ன்னாங்க. யாரும் பாக்கல டாக்டரம்மா, ஷூ தைக்க அளவெடுத்தோம்னு சொன்னேன். அவங்க கட்டை இன்னொரு தடவை சரி பாத்துட்டு, "தெனமும் அளவெடுங்க"ன்னாங்க.

இப்ப தெனமும் காலையில பாலர் பள்ளிக்குப் போறதுக்கு முன்னாடி நான் போயி ரெண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். புண்ணு ஆறிட்டு வருது. நேத்து ராத்திரி நீ கூப்பிட்டப்ப உங்கம்மா போனை எடுத்தாளாமே. என்ன பேசினீங்கன்னு கேட்டேன். "உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரியும்"ன்னா. எனக்கு அதைக் கேட்டப்புறம்தான் உசுரு வந்துது.

அளவு ரெண்டும் இதோட இருக்கு, நூலும் இருக்கு. மடிச்சா கோடு அழிஞ்சுடும்னு சுருட்டி அனுப்பறேன். இடது கால் காகிதத்துல அந்தக் கறை இருக்கு. பாத்தா நீ பதறுவேன்னு வேற காகிதத்துல வரையலாம்னு எடுத்தேன். கட்டுப் போட்ட காலைக் கீழ ஊன வேண்டாம், இதுமேல வச்சு நகல் எடுத்துக்கலாம்னு பெரியவ சொன்னா. உங்கம்மா என் கையில இருந்து வாங்கி, தன் கையாலேயே சுருட்டி நூல் கட்டிக் கொடுத்தா.

"இதையே அனுப்பு. இனிமே அவனுக்கு எதையும் தொடைச்சுட்டு அனுப்பாத"ன்னா.

அத்தை